டிரம் அண்ட் பேஸ் இசையில் பின்னோக்கு ஒலி: முடியும் கணத்திலிருந்து ஒரு கணக்கு

பாம்பன் தீவின் கரையோரத் தேவாலயம் ஒன்றின் மணியோசையை, அங்குள்ளவர்களிடம் அனுமதி பெற்று, கடந்த வாடைக்காலத்தில் ஒரு மாலை நேரம் பதிவு செய்தேன். ஒரே ஓர் அடி, அதன் பின்னர் ஏறத்தாழ எட்டு வினாடிகளுக்குத் தேய்ந்துகொண்டே போன ரீங்காரம். அவ்வளவுதான் அந்தப் பதிவு. வீட்டுக்கு வந்து கணினியில் அதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திருப்பி ஒலிக்கவிட்டபோது, முதலில் அடிவயிற்றிலிருந்து வரும் முனகல் போன்ற தாழ்ந்த ஒலியொன்று எழுந்தது. அதன் மேல் உயர்ந்த சுரங்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறின. இறுதியில் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, அடி விழுந்த கணத்தில் கயிறு அறுந்தாற்போல நின்றுவிட்டது. அது நின்ற இடத்தில் ஒரு கிக் ஒலியையும் (காலால் அடிக்கும் பெருமுழவின் ஒலி) அடிநாதத்தையும் (பேஸ்) வைத்துப் பார்த்தேன். டிரம் அண்ட் பேஸ் இசை செய்கிறவர்கள் 'டிராப்' என்று அழைக்கும், முழவும் அடிநாதமும் சேர்ந்து வந்து விழும் இறக்கம் அங்கே தானாக அமைந்திருந்தது. அது ஏன் அமைந்தது என்பதையும், அதை ஒவ்வொரு முறையும் தவறாமல் அமைப்பதற்கான கணக்கு எது என்பதையும் இங்கே விளக்க முயல்கிறேன். பின்னோக்கு ஒலியின் பயன் முழுவதும் அது முடியும் கணத்தில் அடங்கியிருக்கிறது. ஆகவே அதை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிக் கணக்கிட்டே அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

டிரம் அண்ட் பேஸ், 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனின் நடனக் கூடங்களில் ஜங்கிள் என்ற வடிவத்திலிருந்து வளர்ந்த இசை. 1969இல் வெளியான ஓர் அமெரிக்க சோல் இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில வினாடி முழவுத் துண்டு, 'ஆமென் பிரேக்' என்ற பெயரில் இந்த இசையின் முதுகெலும்பாயிற்று. அந்தத் துண்டை வேகமாக ஓட்டி, வெட்டி, மாற்றி அடுக்கியதிலிருந்தே இதன் தாள மொழி பிறந்தது. இன்று பெரும்பாலான பாடல்கள் நிமிடத்துக்கு 174 பீட் (தாள அடி) என்ற வேகத்தை ஒட்டியே அமைகின்றன. அந்த வேகத்தில் ஒரு பீட்டின் நீளம் 0.345 வினாடி; நான்கு பீட் கொண்ட ஒரு பார் 1.38 வினாடி, பதினாறு பார்கள் சேர்ந்தால் 22 வினாடி. பாடல் பதினாறு அல்லது முப்பத்திரண்டு பார்கள் கொண்ட பகுதிகளாக நகர்கிறது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையைக் கேட்பவரின் உடல் முன்கூட்டியே உணர வேண்டும். மெதுவான இசையில் முழவுக்காரர் கடைசி இரண்டு பீட்டில் ஓர் உருட்டு வாசித்தே அதை உணர்த்திவிடுவார். 174இல் அந்த உருட்டுக்குக் கிடைப்பது 0.7 வினாடிதான், ஏற்கெனவே நெரிசலான தாளத்துக்குள் அது கரைந்துபோகிறது. தாளத்தின் சிறு துண்டுகளைவிட நீளமானதாகவும், அதே நேரத்தில் ஒரு குறிப்பிட்ட கணத்தைத் துல்லியமாகச் சுட்டுவதாகவும் உள்ள ஓர் ஒலி தேவைப்படுகிறது. பின்னோக்கி ஓடும் ஒலி இவ்விரண்டையும் ஒருசேரத் தருகிறது.

நம் தாள இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய கருத்து உண்டு. சொற்கட்டுகள் பெரியதிலிருந்து சிறியதாகக் குறுகிக்கொண்டே போனால் அது பசுவின் வாலைப் போன்ற கோபுச்ச யதி. சிறியதிலிருந்து பெரியதாக விரிந்துகொண்டே போனால் அது ஆற்றைப் போன்ற ஸ்ரோதோவக யதி. அடித்து எழுப்பப்படும் எந்த ஒலியும் இயல்பில் கோபுச்சமே. தாக்கு ஒரு சில மில்லி வினாடிகளில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது; தேய்வோ வினாடிக் கணக்கில் நீள்கிறது. திருப்பினால் அது ஸ்ரோதோவகமாக மாறி, ஒரு சமத்தை (தாளச் சுற்று தொடங்கும் அடியை) நோக்கிப் பெருகி வருகிறது. கச்சேரியில் தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) சமத்தில் வந்து விழும்போது அவை முழுவதும் ஒன்றாகத் தலையசைப்பதைக் கண்டவர்களுக்கு, டிராப் என்பது என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெருக்கத்தில் சத்தத்தின் அளவு மட்டும் கூடுவதில்லை. மணியிலும் சிம்பலிலும் உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் மறைகின்றன, தாழ்ந்தவை கடைசிவரை நிற்கின்றன. உலோகத்தின் உள் உராய்வும் காற்றும் உயர்ந்த அதிர்வுகளையே விரைவாக உறிஞ்சிவிடுவது இதற்குக் காரணம். திருப்பும்போது அந்த வரிசையும் திரும்புகிறது. மங்கலான ஒலியாகத் தொடங்கி, முடிவை நெருங்க நெருங்கக் கூர்மையும் பளபளப்பும் ஏறிக்கொண்டே வருகின்றன. சின்தசைசரில் ஃபில்டரை (அதிர்வெண் வடிகட்டியை) மெல்லத் திறந்து இதே விளைவைப் பெறலாம். ஆனால் மணியில் ஒவ்வொரு சுரமும் தனக்கே உரிய வேகத்தில் எழுவதால் அதில் ஓர் உயிர்ப்பு இருக்கிறது, ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் திறக்கிறது. நான் மணியைத்தான் தேர்வேன்.

இன்னொரு காரணம் நம் செவியிலேயே உள்ளது. உரத்த ஒலி ஒன்றுக்குப் பிறகு வரும் மெல்லிய ஒலிகளைக் காது சிறிது நேரத்துக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஒலியியலில் இதை மறைப்பு என்பார்கள். இயல்பான திசையில் மணியின் ரீங்காரத்தில் ஒரு பகுதி அந்த முதல் அடியின் நிழலில் மறைந்துவிடுகிறது. திருப்பியபோது மெல்லியது முன்னும் உரத்தது பின்னுமாக வருவதால், அதுவரை நாம் கவனிக்காத தேய்வின் வால் முழுவதும் வெளிப்படுகிறது. இரண்டு கோப்புகளிலும் அதிர்வெண்களின் மொத்த அளவு ஒன்றேதான், மாறியது காலத்தின் திசை மட்டுமே. ஆனாலும் இரண்டும் முற்றிலும் வேறு ஒலிகளாகக் கேட்கின்றன. மேலும், 1998இல் ஜான் நியூஹாஃப் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு மாற்றமாக இருந்தாலும் தேயும் ஒலியைவிட வளரும் ஒலியில் மாற்றம் அதிகமாக இருப்பதாக மனிதர்கள் உணர்வதைக் காட்டியது. நெருங்கி வரும் பொருளை உடல் எச்சரிக்கையோடு எதிர்கொள்கிறது என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். டிராப்புக்கு முன் கேட்பவரின் தோள்கள் இறுகுவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த உத்தி இந்த இசையோடு பிறந்ததன்று. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் பதிவுத் தட்டுகளை வைத்து ஒலிகளை வெட்டியும் திருப்பியும் புதிய இசை வகையொன்றைத் தொடங்கினார்; 1960களில் ராக் இசைக்காரர்கள் காந்த நாடாவைத் திருப்பி மாட்டி அதையே செய்தார்கள்; 1980களில் ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவிகள் பரவியபின் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றாயிற்று. இன்று ஏபிள்டன், எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர், விலையின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி ஆகிய ஒலிப்பதிவு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது. கடினம் பொத்தானுக்கு அப்பால்தான் தொடங்குகிறது.

எல்லா ஒலிகளும் திருப்பினால் பயன் தருவதில்லை என்பதை எனக்கு இந்தக் கரையே கற்றுக்கொடுத்தது. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கும் தொழில் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. அந்தக் கடலின் சங்கொலியை வைத்துப் பாடலின் பகுதிகளுக்கிடையே ஒரு மாற்றம் செய்ய வேண்டும் என்ற ஆசையில் பல முறை முயன்றேன். சங்கில் மூச்சு மெல்ல ஏறி, நிலைத்து நின்று, பிறகு சட்டென்று அடங்குகிறது. அதாவது அது ஏற்கெனவே முக்கால் பங்கு பின்னோக்கு ஒலிதான். திருப்பினால் தொடக்கம் முரடாகவும் முடிவு தளர்வாகவும் மாறி, சுட்ட வேண்டிய கணத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. சங்கைத் திருப்பாமல் அப்படியே வைத்து, அது அடங்கும் இடத்தை முதல் பீட்டோடு பொருத்துவதே சரி. உறுமியின் உராய்வு நாதமும் இவ்வாறே: வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழுப்பும் அந்த ஏற்றம் தன்னளவிலேயே ஒரு முன்னறிவிப்பு, அதைத் திருப்புவது அதன் குணத்தைக் கெடுப்பதாகும். டிரம் அண்ட் பேஸின் 'ரீஸ்' போன்ற நீடித்த அடிநாதங்களைத் திருப்பியும் பயனில்லை. முன்னும் பின்னும் ஒரே அளவில் ஒலிப்பதற்குத் திசை என்று ஒன்று கிடையாது. வேகமான தாக்கும் நீண்ட தேய்வும் சேர்ந்த ஒலிகளே இதற்கு ஏற்றவை. மணி, கைத்தாளம், சிம்பல், வெறும் கூடத்தில் அடித்த பறை ஆகியவை அவ்வகை.

கடல் அலையின் கணக்கு வேறு. தனுஷ்கோடியில் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். அரிச்சல்முனையில் நின்றால் சிறிது தூர நடையிலேயே இரண்டையும் பதிவு செய்துவிடலாம். வடகரையில் அலை சிறிது. மணலை நக்கிவிட்டுப் போகும் சலசலப்பே மிகுதி. தென்கரையில் அலை உருண்டு வந்து உடைந்து, நுரை மணலுக்குள் இறங்கும்போது நீண்ட சீற்றலொன்றை விட்டுச் செல்கிறது. அந்தச் சீற்றல்தான் நமக்கு வேண்டிய வால். திருப்பியபோது, கரை முழுவதும் சிதறிக் கிடக்கும் நுரை ஒன்றுகூடி ஓர் அலையாக எழுவது போல ஒலிக்கிறது. அதைக் கேட்ட முதல் நாளில் அதை எந்தப் பாடலில் வைப்பது என்று தெரியாமலேயே வெகுநேரம் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அலை ஒரே கணத்தில் உடைவதில்லை. உடைதல் அரை வினாடிக்கு மேல் பரவிக் கிடக்கிறது. 174இல் அது ஒரு பீட்டைவிட நீளம். ஆகவே அலை மட்டும் தனியாக முதல் பீட்டைச் சுட்ட முடியாது. அலையின் திருப்பத்தோடு மணியின் திருப்பத்தையும் அடுக்கி, அலைக்கு உடலாகும் பணியையும் மணிக்குக் கூர்முனையாகும் பணியையும் கொடுத்தபின் அந்தக் குறை நீங்கியது.

இங்கே காற்றைப் பற்றி ஒரு சொல். பாம்பனில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் உறை போடாத மைக்கில் கடலைவிடக் காற்றே அதிகமாகப் பதிவாகும். முதல் முறை பாலத்தருகே அரை மணி நேரம் பதிவு செய்ததில் ஒரு வினாடிகூடத் தேறவில்லை. காற்றின் மோதல் தாழ்ந்த அதிர்வெண்களில் பதிவின் எல்லையைத் தாண்டிச் சிதைத்திருந்தது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிப் பார்த்தும், சிதைந்தது சிதைந்ததாகவே இருந்தது. மைக்குக்கு மயிர் உறை போட்டு, படகின் மறைவில் உட்கார்ந்து பதிவு செய்யும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. அப்படிப் பாலத்தருகே ரயிலோசையைப் பிடித்த பதிவுகளுக்கு இப்போது வேறொரு மதிப்பும் இருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 இறுதியில் ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய இரும்புக் கட்டுமானத்தின் மீது ரயில் ஊர்ந்துபோகும் அந்த ஓசையை இனி யாரும் புதிதாகப் பதிவு செய்ய முடியாது.

அந்த ரயிலோசையில் ஒரு சிக்கல் இருந்தது. தண்டவாளக் கணுக்களில் சக்கரம் மோதும் ஒலிக்குத் தாக்கு உண்டு, வால் இல்லை. திறந்த கடல்வெளியில் எதிரொலிக்கச் சுவரேது? வால் இல்லாத ஒலிக்கு ரிவெர்ப் (செயற்கை எதிரொலிப்பு) வால் கொடுக்கும். செய்முறை நான்கு அடிகளில் முடிந்துவிடும்: ஒலியைத் திருப்பு, அதற்கு ரிவெர்ப் கொடு, விளைவைப் புதிய கோப்பாகப் பதிவு செய், அதை மறுபடியும் திருப்பு. இப்போது மூல ஒலி இயல்பான திசையிலும், அதன் ரிவெர்ப் மட்டும் அதற்கு முன்னால் பெருகி வருவதாகவும் அமையும். குரல், ஸ்னேர் (சிறு முழவு), பியானோச் சுரம் எதற்கும் இது பொருந்தும். மூல ஒலியை நீக்கிவிட்டு ரிவெர்பை மட்டும் வைத்துக்கொண்டால், பாடலில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம்.

பலரும் தடுமாறும் இடம் ரிவெர்பின் நீளம். இரண்டு பார் நீளத்துக்கு ஏற்றம் வேண்டும் என்றால், இரண்டு பார் என்பது 2.76 வினாடி, ஆகவே ரிவெர்ப் நேரத்தை 2.76 வினாடி என்று வைப்பதே இயல்பாகத் தோன்றும். ஆனால் ரிவெர்ப் நேரம் என்பது ஒலி 60 டெசிபெல் குறைவதற்கு ஆகும் நேரம். எட்டு பீட்டில் 60 டெசிபெல் என்றால் பீட்டுக்கு 7.5 டெசிபெல் வீதம் ஏற்றம் வருகிறது. முழவும் பேஸும் ஓடிக்கொண்டிருக்கும் பாடலில், உச்சத்துக்கு 30 டெசிபெல் கீழே உள்ளது ஏறத்தாழ கேட்காது. எனவே எட்டு பீட்டில் கடைசி நான்கு மட்டுமே காதில் விழும். முதல் நான்கும் வீண். இரண்டு பார் முழுவதும் கேட்க வேண்டும் என்றால் ரிவெர்ப் நேரத்தை இருமடங்காக, 5.5 வினாடியாக, வைத்து, திருப்பியபின் அதன் பின்பாதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். இந்தக் கணக்கு புரிந்த பிறகு என் வேலை நேரம் பாதியாகக் குறைந்தது என்று உண்மையாகவே சொல்லலாம்.

ரிவெர்ப் கருவிகளில் 'பிரீ-டிலே' என்று ஓர் அளவு உண்டு. மூல ஒலிக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி அது. திருப்பும்போது அந்த இடைவெளியும் திரும்பி, ஏற்றம் முடிந்த பிறகும் அடி விழுவதற்கு முன்பும் நிற்கும் மௌனமாகிவிடுகிறது. பீட்டின் காற்பங்கு 174இல் 86 மில்லி வினாடி, அரைப்பங்கு 172. இவற்றில் ஒன்றைப் பிரீ-டிலேயாக வைத்தால் மௌனமும் தாளத்துக்குள்ளேயே அடங்கும். இந்த மௌனத்தைப் பலர் வெறும் அழகுக்காக வைப்பதாக நினைக்கிறார்கள். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. பாடலின் மொத்த ஒலியைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரசர், பெருகி வரும் ஏற்றத்தைக் கண்டு அளவை அழுத்திப் பிடித்துவிடும். அடுத்த கணமே விழும் முதல் கிக் அந்தப் பிடியில் சிக்கி மெலிந்துபோகும். 86 மில்லி வினாடி மௌனம் கிடைத்தால், கம்ப்ரசர் பிடியைத் தளர்த்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது, கிக் முழு வலிமையோடு இறங்குகிறது. ஏற்றத்தில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கிவிடுவதும் இதே நோக்கத்துக்குத்தான். அடிநாதத்தின் வருகை டிராப்புக்கே உரியதாக இருக்கட்டும்.

வெட்டும் இடத்தில் கவனம் வேண்டும். பதிவில் அடிக்கு முன்னால் சிறு அமைதி இருந்தால், திருப்பியபின் அது ஏற்றத்துக்கும் முதல் பீட்டுக்கும் இடையே நாம் விரும்பாத இடைவெளியாக வந்து நிற்கும். தொலைபேசியில் பதிவாகும் சுருக்கப்பட்ட கோப்புகளின் தொடக்கத்தில் சில நேரம் இருபது முப்பது மில்லி வினாடி வெற்றொலி ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தாக்கின் உச்சத்தைக் கண்டு, அங்கேயே வெட்டி, இரண்டு மூன்று மில்லி வினாடி ஃபேட் (மெல்லத் தேய்தல்) கொடுக்க வேண்டும். ஃபேட் இல்லாவிட்டால் 'டிக்' என்ற சொடுக்கு கேட்கும். பிறகு கோப்பின் தொடக்கத்தை மறந்துவிட்டு, அதன் முடிவைப் பாரின் கோட்டில் ஒட்ட வேண்டும்.

முழவுத் துண்டையே திருப்பும்போது நேர்த்தியான ஒன்று நிகழ்கிறது. இந்த இசையின் அடிப்படைத் தாளத்தில் கிக் முதல் பீட்டிலும், மூன்றாம் பீட்டின் பாதியிலும் விழுகிறது. ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. பார் முழுவதையும் திருப்பினால் இரண்டாம் பீட்டின் ஸ்னேர் நான்காம் பீட்டுக்கும், நான்காம் பீட்டினது இரண்டுக்கும் போகிறது. அதாவது ஸ்னேர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முதல் பீட்டின் கிக் அடுத்த பாரின் முதல் பீட்டை நோக்கிப் பெருகுகிறது. மூன்றாம் பீட்டின் பாதியில் இருந்த கிக் மட்டும் இரண்டாம் பீட்டின் பாதிக்கு நகர்கிறது. எலும்புக்கூடு கலையாமல் உள்நடை மட்டும் மாறுவதால், எல்லைக்கு முந்தைய ஒரு பாரைத் திருப்பினாலும் கேட்பவர் கால் இடறுவதில்லை. ஆமென் போன்ற உயிருள்ள வாசிப்பில் மெல்லிய இடையடிகள் சற்றுப் பிந்தி விழுந்தவை எல்லாம் சற்று முந்தி வரும். அந்தப் பதற்றம் டிராப்புக்கு முன் மிகவும் பொருத்தமானது. ஒரு பாருக்கு மேல் இதை நீட்டினால் பதற்றம் குழப்பமாகிவிடும் என்பது என் அனுபவம்.

குரலைத் திருப்புவதில் தமிழுக்கு என்று ஒரு தன்மை உண்டு. 'விகடகவி' என்பதைக் கடைசி எழுத்திலிருந்து வாசித்தாலும் விகடகவிதான்; மாலைமாற்றுச் செய்யுள்கள் இந்தப் பண்பின் மீதே நிற்கின்றன. ஆனால் ஒலிப்பதிவைத் திருப்பினால் விகடகவி கிடைக்காது. நம் உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கின்றன. பதிவு திரும்பும்போது எழுத்துக்குள்ளேயே அவை இடம் மாறி 'இவகடகிவ்' போன்ற ஒன்று வருகிறது. உயிர் முன்னால் வந்து மெய்யில் அடைபடுவதால், திருப்பிய தமிழ்க்குரலில் ஒவ்வோர் அசையும் வாயை மூடிக்கொண்டே முடிவது போலத் தோன்றும். 'கா', 'தோ' போல வல்லினத்தில் தொடங்கி நெடிலில் நீளும் சொற்கள் திருப்பும்போது சிறப்பாக அமைகின்றன. நீண்ட உயிர் பெருகி வந்து வல்லினத்தின் அடைப்பில் சட்டென்று முடிகிறது.

கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் இதற்கு நேரெதிரான அமைப்பைக் கண்டேன். தலைவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்துக் கயிற்றை இழுக்கிறார்கள்; இழுப்புக்கு முன் எல்லோரும் ஒருசேர மூச்சை உள்ளே வாங்குவது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அவர்களிடம் கேட்டுப் பெற்ற பதிவில் நான் குரலைத் திருப்பவே இல்லை. 'ஐலசா' என்ற கூட்டுக்குரலுக்கு 5.5 வினாடி ரிவெர்ப் கொடுத்து, அந்த ரிவெர்பை மட்டும் திருப்பி, பின்பாதியை எடுத்து, அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தை 172 மில்லி வினாடி மௌனத்துக்குள் வைத்தேன். முதல் கிக் அவர்களின் கைகள் கயிற்றை இழுத்த அதே கணத்தில் விழுகிறது.